அகதிப் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு: எப்படித் தொடங்குவது?

செந்தூல்வாசி:
வணக்கம். கோலாலம்பூரில் ஒரு மண்டபம் கிடைத்திருக்கிறது. இலங்கைத் தமிழ், ரோஹிங்யா பிள்ளைகள் 15 பேர், வயது 7 முதல் 12. சனிக்கிழமை 2 மணி நேரம். முதல் நாளே 'ஊரில் நடந்ததை வரையுங்கள்' என்று சொல்லலாமா? முடிவில் பறை அடிக்கவும் யோசனை.

வர்ணம்:
போரை வரையச் சொல்லாதீர்கள். தானாக வந்தால் வரட்டும். கேட்டு வாங்கினால் சிலர் உறைந்துபோவார்கள், சிலர் உங்களுக்குப் பிடிக்குமே என்று டாங்கி வரைந்து தருவார்கள். மாஜோங் பேப்பர் (பெரிய மெல்லிய வெள்ளைத் தாள்) 4 தாளை ஒட்டித் தரையில் விரியுங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு சந்தை வரையட்டும். டேப் பின்பக்கம்தான், முன்னால் ஒட்டினால் வண்ணம் பிடிக்காது. தாள் மெல்லியது, தண்ணீர் வண்ணத்தில் கிழியும். ஆயில் பாஸ்டல் வாங்குங்கள். மட்டக்களப்பில் போரில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் களிமண், கதை, நாடகம் என்று ஒன்றாகத்தான் இருந்தார்கள்.

தாளக்காரன், பினாங்கு:
மூடிய மண்டபத்தில் பறையா? முதல் அடியே வெடிச்சத்தம் மாதிரி இருக்கும். கைத்தட்டலில் ஆரம்பியுங்கள். பிறகு குச்சி பிள்ளைகள் கையில், நிறுத்தும் சைகையும் அவர்களுடையது. கதவு திறந்தே இருக்கட்டும்.
இன்னொன்று: மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஐ.நா. அகதி அட்டை இருந்தாலும் பிடிபடும் பயம் உண்டு. முகம், முழுப்பெயர், இடம் எதையும் முகநூலில் போடாதீர்கள்.

செந்தூல்வாசி:
நன்றிங்க. ரோஹிங்யா பிள்ளைகளோடு எந்த மொழியில் பேசுவது?

வர்ணம்:
மலாய் பெரும்பாலும் போதும். ஆனால் அழும் பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். அவர்கள் சமூகத்துப் பெரியவர் ஒருவர் கூடவே இருக்கவேண்டும்.