போர்ட், ரீமாஸ்டர், ரீமேக், சீக்வல்: நான்குக்கும் தமிழ் (வியாழனுக்குள்)

க.தே., கோரமங்களா:

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

விளையாட்டு நிரலாக்கக் கையேடு வியாழன் மாலை சிக்பேட்டை அச்சகத்துக்குப் போகிறது. ஏழாம் பாடத்துக்கு இன்னும் தலைப்பு இல்லை. பழைய ஆட்டத்தைப் புதிய கன்சோலுக்குக் கொண்டுபோவதா, அதற்கு அடுத்த பாகம் எடுப்பதா என்பதுதான் பாடம். போர்ட், ரீமாஸ்டர், ரீமேக், சீக்வல் நான்கும் மாணவர் மனத்தில் தனித்தனியாக நிற்க வேண்டும்.

மாரியோ கார்ட் 8 நிண்டெண்டோவின் வீ யூ கன்சோலுக்கு 2014இல் வந்தது. 2017 ஏப்ரலில் டீலக்ஸ் என்ற ஒட்டோடு அடுத்த கன்சோலான ஸ்விட்சுக்குப் போனது. சில சேர்க்கைகள் உண்டு. தடங்களும் ஓட்டமும் அதே. இது போர்ட். ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் 2005இல் பிளேஸ்டேஷன் 2இல் வந்தது. 2011இல் பிளேஸ்டேஷன் 3க்குக் கூடுதல் தெளிவோடு வந்தது ரீமாஸ்டர், 2018இல் பிளேஸ்டேஷன் 4க்குக் காட்சிகளை எல்லாம் புதிதாகச் செய்து வந்தது ரீமேக். தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2013இல் வந்தது, 2020இல் வந்த இரண்டாம் பாகம் அதன் சீக்வல்.

என் வரைவில் பெயர்ப்பு, மெருகூட்டல், மறுவாக்கம், தொடர்ச்சி என்று வைத்திருக்கிறேன். முதல் சொல்லில் மட்டும் எனக்கு உறுதி இல்லை.

---

ந.மு., ஒயிட்ஃபீல்ட்:

க.தே., "போர்ட்" என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. இந்த ஊரில் இந்த வேலை செய்கிற தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் "போர்ட் பண்றோம்" என்றுதான் சொல்கிறார்கள். தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்றால், வேலையைச் சின்னதாகக் காட்டும் சொல் வேண்டாம். "இடமாற்றம்" என்று யாரும் எழுதிவிடாதீர்கள். கோப்பை ஓர் உறையிலிருந்து எடுத்து இன்னோர் உறையில் போடுவது என்று மாணவன் நினைத்துக்கொள்வான்.

பிளேஸ்டேஷன் 3இலிருந்து 4க்கு ஓர் ஆட்டத்தைக் கொண்டுபோகும்போது நடப்பதைப் பாருங்கள். முதல் அடி பைட் வரிசையில் (ஓர் எண்ணின் பைட்டுகள் நினைவகத்தில் அடுக்கப்படும் ஒழுங்கில்) விழும். 3இல் பெரிய பைட் முன்னால், 4இல் சிறிய பைட் முன்னால். பழைய கோப்பில் 1 என்று எழுதியிருக்கும் நான்கு பைட் எண்ணைத் திருப்பாமல் படித்தால் 1,67,77,216 ஆகிவிடும். அடுத்தது செயலி. 3இல் இருந்த செல் சில்லு, ஆட்டத்துக்கு ஆறு துணைச் செயலிகளைத் தந்தது. ஒவ்வொன்றுக்கும் சொந்த நினைவகம் 256 கிலோபைட்தான். அதற்குள் அடங்கும்படி வேலைகளைத் துண்டு போட்டிருப்பார்கள். 4இல் அந்தத் துணைச் செயலிகளே கிடையாது. அதன் எட்டு சாதாரண உட்கருக்களில் (கோர்) ஆட்டத்துக்குக் கிடைப்பவற்றுக்கு அத்தனையையும் பங்கிட்டு எழுத வேண்டும். சுட்டிகள் (நினைவக முகவரிகள்) 4 பைட்டிலிருந்து 8 பைட் ஆவதால், நினைவகத்தில் இருந்ததை அப்படியே வட்டில் கொட்டி எழுதிய சேமிப்புக் கோப்புகள் திறக்காது.

ஸ்விட்ச் போன்ற, ஏஆர்எம் என்ற வேறு செயலிக் குடும்பத்தைக் கொண்ட கருவிக்குப் போனால் வேறு தொல்லை. பிளேஸ்டேஷன் 4இல் உள்ள எக்ஸ்86 வகைச் செயலியில் எழுத்து வகை மாறி –128 முதல் 127 வரை. பல ஏஆர்எம் தொகுப்பிகளில் (கம்பைலர்) அது 0 முதல் 255 வரை. "–1 வந்தால் நிறுத்து" என்று எழுதிய சுற்று நிற்கவே நிற்காது, தொகுப்பியும் பிழை காட்டாது.

கையேட்டில் வேலை வரிசையையும் போடுங்கள். நிரல் தொகுக்க வேண்டும், வெறும் திரை வர வேண்டும். பிறகு கோப்புப் படிப்பு, ஒரே ஒரு படம், ஒலி, கைப்பிடி (கன்ட்ரோலர்), சேமிப்பு. வேகம் அதற்கப்புறம்தான். எல்லாம் ஓடுவதற்கு முன்பே வேகத்தில் கை வைத்தால் எந்த மாற்றம் எதை உடைத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. கன்சோல் நிறுவனத்தின் ஏற்புச் சோதனை கடைசியில் வரும். கைப்பிடியின் இணைப்பு அறுந்தால் ஆட்டம் தானாக நிற்கிறதா என்பதுகூட அதில் தேறியாக வேண்டும்.

---

பா.அ., ஜெயநகர்:

ந.மு. தம்பி சொன்ன விவரமெல்லாம் சரி. ஆனால் எல்லாரும் சொல்கிறார்கள் என்பதற்காக அயற்சொல்லை வைத்துக்கொண்டால் இந்தக் குழு எதற்கு?

நான் முன்வைப்பது பொருத்து. லத்தீனில் போர்த்தாரே என்றால் சுமத்தல், கொண்டுசெல்லல். தமிழில் பொறு என்றால் சுமத்தல். "நிலம் பொறுக்கிறது" என்கிறோம். பொறையும் சுமைதான். பொறு, பொரு, பொருந்து, பொருத்து என்று இந்தக் குடும்பம் விரிகிறது. புதிய பொறியில் பழைய ஆட்டத்தைப் பொருத்துகிறோம். ஓசையும் போர்ட்டுக்குப் பக்கத்தில் வருகிறது, மாணவர் நாக்குக்கு எளிது. பொருத்துதல், பொருத்துநர், பொருத்துப் பதிப்பு என எல்லா வடிவமும் தடையின்றி வரும்.

---

சி.வே., அல்சூர்:

பா.அ. அவர்களுக்கு வணக்கம். பொறு என்பதில் வல்லின றகரம், பொரு என்பதில் இடையின ரகரம். இரண்டையும் ஒரே வேரில் கட்டுவதற்குச் சான்று வேண்டும். ஓசை ஒற்றுமை சான்று ஆகாது. பொருள் வகையிலும் ஓர் இடர் உண்டு: கதவுக்குக் கீல் பொருத்துகிறோம், சுவரில் விளக்குப் பொருத்துகிறோம். பொருத்தப்படும் பொருள் மாறுவதில்லை. ந.மு. விவரித்த வேலையிலோ உள்ளே இருப்பது முழுக்க மாறுகிறது, வெளியே தெரிவது மாறாமல் நிற்கிறது.

க.தே. அம்மா வைத்த பெயர்ப்புதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தொல்காப்பிய மரபியல் வழிநூலை (முன்னூலைப் பின்பற்றி எழுதும் நூலை) நான்காக வகுக்கிறது. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, நான்காவது "மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்". அதர் என்றால் வழி. பெயர்த்தால் மட்டும் போதாது, போய்ச் சேரும் மொழியின் வழிக்கு உட்படக் கட்ட வேண்டும் என்று கொள்ளலாம். ஆறு துணைச் செயலிக்கு எழுதியதைச் சாதாரண உட்கருக்களுக்கு மாற்றிக் கட்டுவது இதுவே அல்லவா? "அதர்ப்பட யாத்தல்" என்ற தொடரை ஏழாம் பாடத்தின் முகப்பில் இட்டால் மகிழ்வேன்.

இன்னொன்று. குறுந்தொகை 11ஆம் பாட்டில் மாமூலனார் "மொழிபெயர் தேஎம்" என்கிறார். கட்டி என்பவனின் நாட்டுக்கும் அப்பால், தமிழ் மாறி வேறு மொழி வழங்கும் நிலம் அது. பெங்களூரில் இருந்து எழுதும் நமக்கு நெருக்கமான தொடர். பெயர்தல் என்ற வினைக்கு நிலம் மாறுதலும் மொழி மாறுதலும் அன்றே உண்டு. நாமத்தைக் குறிக்கும் பெயரும் இந்தப் பெயரும் ஒரே வேரா என்பது தனி ஆய்வு. கன்னடத்தில் நாமம் "ஹெசரு" ஆயிற்று, பழைய வடிவம் "பெசர்". நகர்தலுக்கு அங்கே இந்தச் சொல் வழங்குகிறதா என்று கன்னடம் கற்ற அன்பர்கள் பார்த்துச் சொன்னால் நன்று.

---

இ.ர., பானஸ்வாடி:

> பெயர்ப்புதான் எனக்குச் சரியாகப் படுகிறது

ஐயா, வகுப்பில் இதில் இரண்டு சிக்கல் வரும். "பெயர்ப்பாளர்" என்றால் எவரும் மொழிபெயர்ப்பாளர் என்றே எடுத்துக்கொள்வர். விளையாட்டு நிறுவனங்களில் மொழிபெயர்ப்பாளரும் தனியாக உண்டு. அடுத்தது, பாதிப்பேர் "பெயர்ச்சி" என்று எழுதுவார்கள். குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்று நாள்காட்டியில் பார்த்த பழக்கம். பெயர்ந்தது தன்வினை, பெயர்த்தது பிறவினை. ஆட்டம் தானாகப் பெயர்வதில்லை, ஒருவர் பெயர்க்கிறார். எனவே பெயர்ப்புதான் வரும் என்று இலக்கணம் சொல்லித் திருத்தலாம். ஆனால் கலைச்சொல்லைக் காக்கவே பாதி வகுப்பு போய்விடும்.

என் பரிந்துரை கூடுமாற்று. கூடுவிட்டுக் கூடு பாய்தல் தெரியாத தமிழ்ப் பிள்ளை கிடையாது. மூலன் என்ற இடையன் உடலில் சிவயோகி புகுந்து திருமூலர் ஆனார் என்ற கதையில் உயிர் அதே, உடல் வேறு. ஆட்டத்தின் விதியும் தாளமும் உயிர், கன்சோல் கூடு.

சோதித்துப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு: 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ். 55 வேற்றுலகப் படைகள். ஒரு சட்டகத்துக்கு (திரையில் வரும் ஒரு படத்துக்கு) ஒன்றைத்தான் அந்தப் பொறி நகர்த்தும். எனவே 55 நிற்கும்போது வரிசை முழுதும் ஓரடி நகர ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். சுடச் சுட எண்ணிக்கை குறைந்து, மிஞ்சியது வேகமாக ஓடும். எல்லாவற்றையும் ஒரே சட்டகத்தில் நகர்த்தும் பொறிக்கு இதைக் கொண்டுபோனால் அந்த விரைவு மறைந்துவிடும். பழைய பொறியின் குறையால் தானாக வந்ததைப் புதிய பொறியில் வேண்டுமென்றே எழுதிச் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காதவர் உடலைத்தான் கொண்டுபோனார், உயிரை விட்டுவிட்டார். "பெயர்ப்பு" இதைச் சொல்லவில்லை.

---

ந.மு., ஒயிட்ஃபீல்ட்:

இ.ர. அக்கா, எடுத்துக்காட்டு அருமை, அதைக் கட்டாயம் சேருங்கள். கூடவே டார்க் சோல்ஸ் 2: 2014இல் வந்த கணினிப் பதிப்பில் நொடிக்கு 60 சட்டகம், கன்சோலில் 30. ஆயுதத் தேய்மானம் சட்டகத்தோடு கட்டப்பட்டிருந்ததால் கணினியில் வாள் இரண்டு மடங்கு வேகத்தில் தேய்ந்தது. எந்தக் கணக்கு நொடியில் ஓடுகிறது, எது சட்டகத்தில் ஓடுகிறது என்று பட்டியல் போடாமல் வேகத்தைக் கூட்டக் கூடாது.

ஆனால் கூடுமாற்று எமுலேட்டருக்கு அல்லவா பொருந்துகிறது? அங்கேதான் பழைய நிரலைத் தொடாமல் புதிய பொறியைப் பழைய பொறி மாதிரி நடிக்க வைக்கிறோம். போர்ட்டில் நிரலைத் திறந்து திருத்துகிறோம். எமுலேட்டருக்கு முன்பொருமுறை "போலி" என்று வந்தது. கள்ள நோட்டு மாதிரி இருக்கிறது, வேண்டாம்.

---

சி.வே., அல்சூர்:

போலியை அவ்வளவு எளிதில் தள்ளலாகாது. நிலம் நிலன் ஆவதும் பந்தல் பந்தர் ஆவதும் போலி. எழுத்து மாறும், பொருள் மாறாது. அந்த இலக்கணத்தின்படி பார்த்தால் எமுலேட்டரைவிடப் போர்ட்டுக்கே அது நெருங்குகிறது. கடைத்தெருவில் சொல்லுக்கு இழுக்கு வந்ததால் இலக்கணத்தில் அதற்கிருந்த இடம் போய்விடாது.

சீக்வலுக்குத் தொடர்ச்சி போதும். அது வழிநூல் அன்று. முன்னோர் முடிபோடு ஒத்து, வேண்டிய வேறுபாடு கூறுவது வழிநூல் என்கிறது நன்னூல். அடுத்த பாகத்துக்கு அந்தக் கடப்பாடு இல்லை.

---

பா.அ., ஜெயநகர்:

அப்படியானால் ஃபைனல் ஃபேண்டசி 7 ரீமேக் எந்த வகை? 1997 ஆட்டத்தில் முறை வைத்துப் போர். 2020இல் உடனடிப் போர், கதையில் தொடக்க நகரம் மட்டும், அதுவும் சில இடங்களில் விலகிப் போகிறது. மறுவாக்கம் என்று பெயர் சூட்டிக்கொண்ட தொடர்ச்சி அது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ஐ எடுங்கள். 1999இல் வந்தது, 2019இல் புதுப்பித்தார்கள். 2022இல் திராவிடரைச் சேர்த்தார்கள், உருமி வாள்வீரர், திரிசடைக் கப்பல், இராசேந்திரன் படையெடுப்பு என்று. 2023இல் எக்ஸ்பாக்ஸ் கைப்பிடிக்கு ஏற்றார்கள். இருபது ஆண்டுப் பழைய ஆட்டத்துக்குள் நம் சோழன் நுழைந்ததற்கு எந்தச் சொல்? இணைப்பா, பிற்சேர்க்கையா? நான்கு பெட்டியில் இது அடங்காது.

---

இ.ர., பானஸ்வாடி:

பா.அ. ஐயா, அது எட்டாம் பாடத்துக்குப் போகட்டும். உருமியையும் திரிசடையையும் பற்றி எழுத நிறைய இருக்கிறது. ஏழாம் பாடத்துக்குள் நுழைத்தால் வியாழன் தவறிவிடும்.

மூல நிரலை (சோர்ஸ் கோடை) காப்பது பற்றி ஒரு பத்தி வேண்டும் என்பது என் கோரிக்கை. கிங்டம் ஹார்ட்ஸ் முதல் ஆட்டத்தின் மூலம் தொலைந்துபோனதால், 2013 தொகுப்புக்குப் பலவற்றை மறுபடி செய்தார்கள். சைலன்ட் ஹில் 2012 தொகுப்பில் முழுமையடையாத மூல நிரலே கையில் கிடைத்தது, மூடுபனி கெட்டது. அந்த ஆட்டத்தில் அச்சமே பனியால் வருவது. பெயர்ப்போ கூடுமாற்றோ, மூலம் இல்லாமல் எதுவும் நடக்காது.

---

க.தே., கோரமங்களா:

வணக்கம். இதுவரை எழுதியவர்களில் பெயர்ப்புக்கு சி.வே. ஐயாவும் நானும். தனி மடலில் மேலும் மூவர் அதையே ஏற்றார்கள். பொருத்து பா.அ. ஐயா, கூடுமாற்று இ.ர., போர்ட் ந.மு. எனவே அச்சுக்குப் பெயர்ப்பு போகிறது. மொழிபெயர்ப்போடு குழம்பாதிருக்க, முதல் முறை வரும் இடத்தில் "ஆட்டப்பெயர்ப்பு" என்று முழுதாக எழுதுகிறேன். செய்பவரைப் பெயர்ப்பாளர் என்னாமல் "பெயர்ப்பு நிரலர்" என்கிறேன். அடிக்கோட்டின் கீழ் "வழக்கில் போர்ட்" என்றும் இருக்கும். மெருகூட்டல், மறுவாக்கம், தொடர்ச்சி மூன்றுக்கும் மறுப்பு வரவில்லை.

ஸ்பேஸ் இன்வேடர்ஸ், டார்க் சோல்ஸ் 2, பைட் வரிசை மூன்றும் பயிற்சிக் கணக்குகள் ஆகின்றன. ந.மு., 16777216 வரும் படியை இரு வரிசையிலும் பைட் பைட்டாக எழுதி நாளை காலைக்குள் அனுப்ப முடியுமா?

---

பா.அ., ஜெயநகர்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். பெயர்த்தல் என்றால் வேரோடு பிடுங்குவது என்ற பொருளும் உண்டு. கல்லைப் பெயர்த்தான், மரத்தைப் பெயர்த்தான் என்கிறோம். பிடுங்கிய இடத்தில் பின்பு ஒன்றும் மிஞ்சாது. போர்ட் செய்த பிறகும் மாரியோ கார்ட் 8 வீ யூவில் இருக்கத்தான் செய்கிறது. இரண்டாம் பதிப்பு அச்சேறும்போது பொருத்தை மறுபடி எடுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். பொறு, பொரு இரண்டுக்கும் உள்ள உறவுக்குச் சி.வே. கேட்ட சான்றுகளைத் தனி இழையில் இடுவேன்.