மதங்களை அருகருகே வைத்துப் படிப்பதால் யாருக்கு என்ன லாபம்?

ஈரெழுத்து:
மத ஒப்பியல் என்று ஒரு படிப்பு பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. 1870-ல் வடமொழி அறிஞர் மாக்ஸ் முல்லர் லண்டனில் ஆற்றிய உரைகளில் தொடங்கியது என்பார்கள். "ஒன்றை மட்டும் அறிந்தவன் ஒன்றும் அறியாதவன்" என்பது அவர் வாக்கு. அவர் தொடங்கிய கிழக்கத்திய புனித நூல் வரிசை மட்டும் 50 தொகுதி. ஒன்றரை நூற்றாண்டு போய்விட்டது. இதனால் பக்தனுக்கும் பயனில்லை, நாத்திகனுக்கும் பயனில்லை. சுற்றிச் சுற்றி "எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது" என்பதில் போய் முடியும். அதைச் சொல்ல ஒரு துறையும் பட்டமும் எதற்கு? மறுப்பவர்கள் வரலாம்.

கறார் கந்தன்:
நாத்திகனுக்குப் பயனில்லைன்னு யார் சார் சொன்னது? பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தானே காப்பி தெரியும்! செத்துப் பொழைச்ச கடவுளுங்க எத்தனை பேரு: எகிப்துல ஒசைரிஸ், கிரேக்கத்துல அடோனிஸ், ஆசியா மைனர்ல ஆட்டிஸ். மானிடவியலாளர் ஃபிரேசர் 1890-லயே அடுக்கி வெச்சுட்டாரு. வெள்ளக் கதையும் அதே கூத்துதான். பாபிலோனியக் காவியம் கில்காமேஷ்ல இருக்கு, பைபிளோட ஆதியாகமத்துல இருக்கு, நம்ம மனு கதையிலயும் இருக்கு. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் சுட்டது. தீர்ந்தது.

மணற்கேணி:
தீரவில்லை கந்தன். ஒசைரிஸ் இந்த உலகத்துக்குத் திரும்பி வரவே இல்லை. வெட்டுண்ட உடல் ஒன்று சேர்ந்த பிறகு மாண்டோர் உலகத்துக்கு அரசனாகிறான். இப்படி ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் மத வரலாற்றாய்வாளர் ஜோனதன் ஸ்மித் 1987-ல் 'இறந்து எழும் கடவுள்' என்ற வகையையே தூக்கிப் போட்டார். 2001-ல் மெட்டிங்கர் என்ற ஆய்வாளர் சில கடவுள்களுக்காக மறுபடி வாதாடினார். வழக்கு இன்னும் நடக்கிறது, நீங்கள் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

வெள்ளக் கதையில் உங்கள் பேச்சு பாதி சரி. கப்பல் மலையில் தட்டி நின்றதும் கில்காமேஷில் வெள்ளத்துக்குத் தப்பிய உத்னபிஷ்டிம் புறாவை விடுகிறான், திரும்பி வருகிறது. தகைவிலான் குருவியை விடுகிறான், அதுவும் வருகிறது. காகத்தை விடுகிறான், வரவில்லை. நோவா முதலில் காகத்தையும் பிறகு புறாவையும் விடுகிறார். இவ்வளவு நெருக்கம் தற்செயலாக வராது. ஆனால் வேத நூலான சதபத பிராமணத்தின் மனுவிடம் பறவையே கிடையாது. ஒரு மீன், அதன் கொம்பில் கட்டிய கயிறு, வடக்கே ஒரு மலை, அவ்வளவுதான். மனிதர் கெட்டுப்போனதால் வெள்ளம் என்ற பேச்சும் அதில் இல்லை. இதை எப்படி 'சுட்டது' கணக்கில் சேர்ப்பீர்கள்?

எனக்கு அதைவிடச் சுவையானது அடுத்து வருவது. நீர் வடிந்ததும் மூவரும் பலி கொடுக்கிறார்கள். கில்காமேஷில் தேவர்கள் ஈக்கள்போல வந்து மொய்க்கிறார்கள். ஆதியாகமத்தில் கர்த்தர் சுகந்த வாசனையை முகர்ந்து, இனி இப்படி அழிப்பதில்லை என்கிறார். மனு நெய்யும் தயிரும் நீரில் இடுகிறான். ஓராண்டில் அதிலிருந்து ஒரு பெண் எழுந்து வருகிறாள், அவளால் அவன் குலம் பெருகுகிறது. தேவர்களுக்கு உணவு, கடவுளின் வாக்குறுதி, புதுப் படைப்பு என்று ஒரே சடங்கு மூன்று இடத்தில் மூன்று வேலை செய்கிறது. ஈரெழுத்து ஐயா, இதில் 'எல்லாம் ஒன்றே' எங்கே இருக்கிறது?

நீலவானம்:
மணற்கேணி சார், ரசித்துப் படித்தேன். ஆனாலும் உறுத்துகிறது. நான் கிறிஸ்தவள். நோவா எனக்கு ஒப்பிட எடுத்த மாதிரிப்பொருள் இல்லை, ஜெபத்தில் வருகிறவர். நீங்கள் அவரை உத்னபிஷ்டிமுக்குப் பக்கத்தில் உட்கார வைத்த உடனேயே நான் அறிந்த நோவா அங்கிருந்து எழுந்து போய்விடுகிறார். ஒரு மதத்தைப் பற்றிச் சொல்வதை அந்த மதத்தார் ஒப்புக்கொள்ள முடிந்தால்தான் அது செல்லும் என்று வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித் 1959-ல் எழுதினார். உங்கள் துறையைச் சேர்ந்தவர்தானே? அந்த அளவுகோலை ஏன் பரணில் போட்டீர்கள்?

கறார் கந்தன்:
எந்த மதத்தார்மா? ஒரே மதத்துல ரெண்டு பிரிவு ஒருத்தரை ஒருத்தர் ஒப்புக்கறதில்ல. நூல் எந்தக் காலத்ததுன்னு கேட்டாலே சிலருக்குப் பொத்துக்கிட்டு வருது. அவங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் ஆராயணுமா? மத ஆய்வாளர் புரூஸ் லிங்கன் 1996-ல நறுக்குன்னு எழுதினாரு: பயபக்தி மதத்தோட பண்பு, ஆய்வோட பண்பு இல்ல.

நீலவானம்:
பயபக்தியை யார் கேட்டார்கள்? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் நடுநிலையானவர் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? நிறுவியவர், புனித நூல், கோட்பாடு என்று அட்டவணை போட்டு வைத்துக்கொள்கிறார்கள். நிறுவியவரே இல்லாத வழிபாட்டைக் கொண்டு வந்தால் கட்டங்கள் காலியாகக் கிடக்கும், ஏதோ குறைபட்ட மதம்போல. மதம் என்றால் மனதுக்குள் இருக்கும் நம்பிக்கை என்ற எண்ணமே ஐரோப்பியக் கிறிஸ்தவத்தின் பிற்கால வரலாற்றில் உருவானது என்று மானிடவியலாளர் தலால் அசாத் 1993-ல் காட்டினாரே. என் மதத்துக்குச் சாதகமான அளவுகோல்தான் அது, இருந்தும் சொல்கிறேன்.

ஈரெழுத்து:
நான் சொல்ல வந்ததை அம்மா இன்னும் நன்றாகச் சொல்லிவிட்டார். அளவுகோலே கோணல்.

மணற்கேணி:
கோணல் இருந்தது உண்மை. அதற்காக ஒப்பிடுவதே ஐரோப்பியர் கொண்டுவந்த பழக்கம் ஆகிவிடாது. இஸ்லாமிய அறிஞர் அல் பிரூனி 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதியபோது, வாதாடி மறுக்க வரவில்லை, இவர்கள் சொல்வதை இருக்கிறபடியே வைக்கிறேன் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டுக் கிரேக்கரோடு ஒப்பிட்டார். முல்லருக்கு எண்ணூறு ஆண்டுக்கு மேல் முந்தியவர்.

ஈரெழுத்து:
அவ்வளவு தூரம் போவானேன், மணிமேகலை இருக்கிறாளே. 27-ஆம் காதையில் வஞ்சி நகரில் அளவைவாதி முதல் பூதவாதி வரை சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்கிறாள். கேட்டு என்ன, முடிவு பௌத்தம் என்று முதலிலேயே தெரிந்த கதை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிற மதங்களை மறுக்கும் பரபக்கமும் அதே ரகம், முடிவு மட்டும் வேறு. இதெல்லாம் ஒப்பியலா? வழக்காடல்.

மணற்கேணி:
வழக்காடல்தான், மறுக்கவில்லை. ஆனால் எதிராளியை மறுக்க அவன் கொள்கையை முதலில் சொல்லியாக வேண்டும். மறைந்துபோன பழைய இந்தியச் சமயத்தாரான ஆசீவகர் எழுதிய நூல் ஒன்றுகூட இன்று கையில் இல்லை. அவர்களைப் பற்றித் தமிழில் கிடைப்பதெல்லாம் மணிமேகலை, சமண நூலான நீலகேசி, சித்தியார் போன்றவற்றில் எதிராளிகள் எழுதி வைத்ததுதான். நீலவானம் சொன்ன 1959-ஆம் ஆண்டு விதியை இங்கே போட்டால் ஆசீவகத்தைப் பற்றி யாரும் வாயே திறக்க முடியாது. ஒப்புதல் தர ஆள் இல்லை.

நீலவானம்:
எனக்குச் சாதகமாகவே பேசுகிறீர்கள் சார். ஆசீவகன் என்றதும் 'எல்லாம் ஊழ்' என்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மறுப்பதற்கு வசதியான பகுதியை எதிராளிகள் தூக்கிப் பிடித்ததால்கூட அப்படி ஆகியிருக்கலாம். அவனிடம் கேட்க வழியில்லை. உயிரோடு இருக்கிறவர்களிடமாவது கேட்கலாமே?

கறார் கந்தன்:
சரி, கேக்கறேன். ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்துல வகைக்கு ஒரு ஜோடி. ஏழாம் அதிகாரத்துல ஏழேழு ஜோடி. எது கணக்கு?

நீலவானம்:
ஏழேழு என்பது சுத்தமான மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் மட்டும். அதனால்தான் நோவாவால் இறங்கியதும் பலியிட முடிந்தது. ஒரே ஒரு ஜோடி இருந்திருந்தால் அந்த இனமே அன்றோடு போச்சு.

கறார் கந்தன்:
அட, இது நல்லா இருக்கே. ஆனா ரெண்டு மூலத்தைச் சேர்த்துத் தெச்சதாலதான் ரெண்டு கணக்குன்னு ஆய்வாளருங்க சொல்றாங்க.

மணற்கேணி:
இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம் கந்தன். தைத்தவருக்கும் பலி ஞாபகத்தில் இருந்திருக்குமே. மூலங்களைப் பற்றித் தனி இழை திறங்கள், அங்கே வருகிறேன்.