முட்டைக்கும் அடைக்கும் ஒரே இனம் போதுமா?

கேள்வி (களுவாஞ்சிக்குடி)

வணக்கம். நானும் மனைவியும் வளவுக்குள் பத்துக் கோழிகள் வரை வளர்க்க எண்ணியுள்ளோம். வீட்டுத் தேவைக்கு முட்டை தவறாமல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குஞ்சை விலைக்கு வாங்காமல், கோழியே அடைகிடந்து பொரிக்கவும் வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும் இனம் உண்டா?

மறுமொழி (ஏறாவூர்)

தம்பி, நீங்கள் கேட்கும் இரு குணங்களும் ஒன்றையொன்று தடுப்பவை. கோழி அடைக்குத் திரும்பும்போது அதன் உடலில் புரோலக்டின் என்னும் ஓமோன் கூடுகிறது. அதனால் சூலகம் சுருங்கி, முட்டையிடுவது நின்றுவிடுகிறது. அடைகிடக்கும் 21 நாட்களோடு குஞ்சுகளைக் கூட்டித் திரியும் வாரங்களையும் சேர்த்துப் பார்த்தால், ஓர் அடைக்கு இரண்டு மாதங்கள் வரைகூட முட்டை இராது. முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட வெள்ளை லெகோர்ன் ஆண்டுக்கு 250 முட்டைகளுக்கு மேல் இட்டாலும், அடைக்கு உட்காருவது மிக அரிது. பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கலப்பினங்களும் அத்தகையனவே. ஊர்க்கோழியோ பத்துப் பதினைந்து முட்டைகள் இட்டதுமே குறுகத் (அடைக்கு உட்காரத்) தொடங்கிவிடும். ஆகவே முட்டைக்கு ஆறேழு கலப்பினப் பேடுகளையும் அடைக்கு இரண்டு ஊர்ப் பேடுகளையும் வையுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

மறுமொழி (அக்கரைப்பற்று)

ஏறாவூர் அண்ணன் கூறியதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கலப்பினப் பேட்டின் முட்டையை அடைக்கு வைத்தால், பிறக்கும் குஞ்சுகள் தாயைப் போல முட்டையிடும் என்று எதிர்பார்க்க முடியாது. குஞ்சு பெருக்குவதும் நோக்கமாக இருப்பதால், றோட் ஐலண்ட் றெட் அல்லது அவுஸ்ட்ரலோப் போன்ற தூய இனத்தை, அதே இனச் சேவலுடன் வளர்ப்பதே பொருத்தமானது. 1920களில் அவுஸ்திரேலியாவில் ஆறு அவுஸ்ட்ரலோப் பேடுகள் 365 நாட்களில் 1857 முட்டைகள் இட்டன. வீட்டு வளவில் அந்த அளவு கிடைக்காவிட்டாலும் இனத்தின் திறனை அது காட்டுகிறது. ஆனால் அதன் கரிய இறகு வெயிலை உள்வாங்கும் என்பதால், நம் கரையோர வெக்கைக்கு மர நிழல் கட்டாயம் வேண்டும். எந்த இனமானாலும் ஓடு உறுதியாக இருக்க, மட்டிச் சிப்பியை இடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள்.

மறுமொழி (வெல்லாவெளி)

அடைக்கு வைக்கும் முறையையும் கவனியுங்கள். குறுகும் பேடு இரண்டு இரவுகள் கூட்டை விட்டு எழாமல் கிடந்த பின்னரே, மாலை மங்கியதும் முட்டைகளை வையுங்கள். ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகள் பத்துப் பன்னிரண்டு போதும். அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைகளுக்குச் சூடு எட்டாது. ஏழாம் நாள் இருளில் டோர்ச் வெளிச்சத்தில் பார்த்து, கருக்கொள்ளாதவற்றை அகற்றுங்கள். மாரியில் நிலம் ஊறிக் கிடப்பதால், நான் அடைக்கூட்டைப் பலகை மேல் உயர்த்தி, உலர்ந்த வைக்கோலிட்டு வைப்பேன். கீரியும் சாரையும் புகாதபடி அடைப்பது, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரையில் எல்லாவற்றிலும் முக்கியம்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி)

மிக்க நன்றி. தூய இனப் பேடுகளை முட்டைக்கும், இரண்டு ஊர்ப் பேடுகளை அடைக்கும் வைக்க முடிவு செய்துள்ளோம். முட்டைக்கான பேடு ஒன்று குறுகத் தொடங்கினால் என்ன செய்வது?

மறுமொழி (அக்கரைப்பற்று)

பட்டினி போடுவதும் தண்ணீரில் அமிழ்த்துவதும் கொடுமை, செய்யாதீர்கள். கம்பி வலைத் தளமுள்ள, வைக்கோல் இல்லாத கூட்டில், வெளிச்சமான இடத்தில், தீனும் தண்ணீரும் குறையாமல் மூன்று நான்கு நாட்கள் விடுங்கள். வயிற்றின் கீழ் காற்றுப் பட்டுச் சூடு தணிந்தால் குறுகல் நிற்கும். குறுகலைக் கண்ட அன்றே தொடங்கினால் விரைவில் முட்டைக்குத் திரும்பிவிடும்.