பொருள்: ‘ஃபோமோ’ – ஒப்புதல் படிவத்துக்குச் சொல் தேவை

ஆய்வுக்குழு, காரைக்குடி:

அன்புடையீர், வணக்கம். சமூக ஊடகப் பயன்பாடும் வளரிளம் பருவத்தினரின் மனநலமும் பற்றிய எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்காக, இவ்வட்டாரப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை வினாத்தாள் கொடுக்க இருக்கிறோம். தோழர்கள் எங்கோ மகிழ்ந்திருக்க நாம் மட்டும் அங்கில்லையே என்ற உறுத்தலும், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கத் தூண்டும் உந்துதலும் சேர்ந்ததே ‘ஃபோமோ’ (FoMO; ‘fear of missing out’ என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம்). இதை அளக்க ஆண்ட்ரூ பிசிபில்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட, 10 கூற்றுகள் கொண்ட அளவுகோலைத் தமிழாக்குகிறோம். மாணவர்கள் 18 வயது நிரம்பாதவர்கள் என்பதால் பெற்றோருக்கான ஒப்புதல் படிவத்திலும் இச்சொல் வரும். வெள்ளிக்கிழமை படிவம் நெறிமுறைக் குழுவுக்குப் போக வேண்டும். இப்போதைக்கு ‘விடுபடல் அச்சம்’ என்று எழுதியிருக்கிறோம். பொருந்துமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, தேவகோட்டை:

தம்பி, பட்டியலில் பெயர் விடுபடுவதும் விடுபடல்தான், சிறையிலிருந்து விடுபடுவதும் விடுபடல்தான். ‘விடு’ என்னும் முதனிலை திரிந்து ‘வீடு’ ஆகும். வீடு என்பது முத்திக்கும் பெயர். சைவப் பெரியவர் ஒருவர் உங்கள் படிவத்தைப் படித்தால், பிள்ளைகள் வீடுபேற்றுக்கு அஞ்சுகிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார். (விடியலும் இந்த வேரில் கிளைத்ததே என்பது என் நெடுநாள் கருத்து, அதைத் தனி மடலில் விரிப்பேன்.) ‘பங்கிழப்பு அச்சம்’ என்று வையுங்கள்.

வழக்கறிஞர், பள்ளத்தூர்:

ஆச்சி பொறுத்தருள வேண்டும். ஒரே வளவு வீட்டுக்குப் பங்காளிகள் பலர் உரிமை பேசும் நம் ஊரில், ‘பங்கிழப்பு’ என்று அச்சிட்ட தாளில் எந்தப் பெற்றோரும் கையெழுத்திட மாட்டார். நேரே என்னிடம்தான் வருவார். என் வருமானத்துக்கு நல்லதாயினும் ஆய்வுக்கு நல்லதன்று. மேலும் ‘அச்சம்’ எதற்கு? பிள்ளைகள் ‘பயம்’ என்றுதானே சொல்கிறார்கள்?

தமிழாசிரியை:

‘பயம்’ அச்சத்தைக் குறிக்கையில் அது வடசொல். பழந்தமிழில் பயம் என்றால் பயன். பாலுக்கும் நீருக்கும்கூட அப்பெயர் உண்டு. நம்மிடம் இருந்த பொருளை இழந்துவிட்டு இரவல் பொருளைப் படிவத்தில் ஏற்றுவானேன்?

வழக்கறிஞர்:

அந்தப் பொருள் பேச்சில் ஒழிந்து நெடுங்காலம் ஆயிற்று. ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’, அதாவது காலப்போக்கில் வழக்கில் வந்த சொல்லை விலக்க வேண்டியதில்லை, என்றவர் தொல்காப்பியர்தானே, ஆச்சி?

மொழிபெயர்ப்பாளர், கண்டனூர்:

தொல்காப்பியர் பெயர் வந்தபின் சும்மா இருக்க இயலவில்லை. மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் களன்களாக அவர் சொல்வன அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கே. இன்ஸ்டாகிராமை இவற்றுள் எதில் அடக்குவது? அணங்கில் அடக்கலாம் என்று யாரேனும் எழுதும் முன்பே சொல்லிவிடுகிறேன்: இது அச்சமே அன்று, தவிப்பு. ‘விட்டுப்போன தவிப்பு’ என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஆய்வுக்குழு:

‘தவிப்பு’ அழகான சொல். ஆனால் எங்களுக்கு இடர் தருவது. இதே வினாத்தாளில் பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்கும் பகுதிகள் தனியே உள்ளன. ‘தவிப்பு’ என்ற சொல்லுக்குள்ளேயே துயரம் இருப்பதால், வேறு காரணத்தால் மனம் நொந்திருக்கும் பிள்ளையும் ‘எனக்கு மிகவும் பொருந்தும்’ என்று குறித்துவிடக்கூடும். பிறகு நாங்கள் காணும் தொடர்பு பாதியும் எங்கள் மொழிபெயர்ப்பு உண்டாக்கியதாக இருக்கும். 2019இல் ஆய்வாளர் ஏமி ஆர்பெனும் அதே பிசிபில்ஸ்கியும், வளரிளம் பருவத்தினரின் நல்வாழ்வில் காணும் வேறுபாட்டுள் மின்னணுத் தொழில்நுட்பப் பயன்பாட்டோடு தொடர்புபடுவது அதிகம் போனால் 0.4 விழுக்காடே என்று கணக்கிட்டார்கள். தொடர்பே இவ்வளவு சிறிதாக இருக்கக்கூடும் என்னும்போது, ஒரு சொல் சேர்க்கும் மிகையும் பெரிதாகிவிடும். ஆகவே ‘தவறவிடும் பயம்’ என்று வைத்து, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் மறுமொழிபெயர்ப்புக்கு, அதாவது தமிழிலிருந்து மீண்டும் ஆங்கிலமாக்கித் தர, கொடுக்கிறோம்.

வழக்கறிஞர்:

சரி என்கிறேன், நாளை வழக்கு இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்:

அரைமனத்தோடு ஒப்புகிறேன்.

தமிழாசிரியை:

நான் ஒப்பவில்லை. பேருந்தைத் தவறவிட்டவன் தானே பிந்தியவன். தோழர்கள் அழைக்காமல் போன பிள்ளை எதையும் தவறவிடவில்லை. உங்கள் சொல்லோ பழியை அதன்மேல் ஏற்றுகிறது. மாணவர் சிலரிடம் முன்னோட்டம் பார்ப்பீர்கள் அல்லவா? அப்போது ‘தவறவிட்டது யார்?’ என்று ஒரு கேள்வி கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே இங்கே இடுங்கள். ‘பயம்’ பற்றிய மறுப்பும் நிற்கிறது.