மலரின் ஆங்கிலப் பக்கம் இன்று இரவே அச்சுக்குப் போகிறது

குழு: பாட்டி வீடு

அண்ணன், 6:42
பாட்டியின் நினைவு மலருக்கான ஆங்கிலப் பக்கத்தை அனுப்பியிருக்கிறேன். ஒன்பது மணிக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். யாராவது ஒருமுறை படித்துவிடுங்கள்.

சித்தப்பா, 6:44
படம் ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது?

சின்ன அத்தை, 6:45
அந்தப் படம் வேண்டாம் என்று போன வாரமே சொன்னேன்.

நான், 6:51
அண்ணா, மூன்றாவது வரி. ‘வீடு தன் வெளிச்சத்தை இழந்தது’ என்று வருகிற இடத்தில் இட்’ஸ் என்று மேலே குறி போட்டிருக்கிறாய். அங்கே அப்பாஸ்ட்ரஃபி வராது.

அண்ணன், 6:52
ஏன் வராது? பாட்டியின் வீடு என்றால் கிராண்ட்மதர்’ஸ் ஹவுஸ் என்று போடுகிறோம். வீட்டின் வெளிச்சத்துக்கு மட்டும் கூடாதா?

குட்டி, 6:52
கைப்பேசியே போட்டிருக்கும். எனக்கும் தானாக மாற்றிவிடுகிறது.

அண்ணன், 6:53
இல்லை. நான்தான் யோசித்துப் போட்டேன்.

சித்தப்பா, 6:55
என் பணி ஓய்வு அழைப்பிதழிலும் இப்படித்தான் நடந்தது. யுவர் என்று இருக்க வேண்டிய இடத்தில் யூ’ஆர். ‘நீங்கள் இருக்கிறீர்கள் வருகையை எதிர்நோக்குகிறோம்’ என்று எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

அண்ணி, 6:56
அதைப் பிழை திருத்தியவர் இவர் இல்லை, சித்தப்பா.

சித்தப்பா, 6:56
நான் யார் பெயரையும் சொல்லவில்லையே.

பெரிய அத்தை, 7:04
பொறுங்கள். தமிழ் இலக்கணம் நடத்தியவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது நம் புணர்ச்சி விதிதான். தோன்றல், திரிதல், கெடுதல் என்று பள்ளியில் படித்தீர்களே, அதில் கெடுதல். மரம், வேர் இரண்டும் சேர்ந்தால் மரவேர். மகர மெய் கெட்டது. கெட்ட எழுத்துக்குத் தமிழில் நாம் அடையாளம் வைப்பதில்லை, ஆங்கிலத்தில் வைக்கிறார்கள். இட் இஸ் என்ற இரண்டும் சேரும்போது நடுவில் ஓர் ஐ கெடுகிறது. அது இருந்த இடத்தில்தான் குறி. ஆகவே எழுதியதைப் பிரித்துப் பாருங்கள். இட் இஸ் என்றோ இட் ஹாஸ் என்றோ பிரித்துப் பொருள் வந்தால் குறி உண்டு, வராவிட்டால் இல்லை. ‘வீடு அது இருக்கிறது வெளிச்சத்தை இழந்தது’ என்று யாராவது எழுதுவார்களா?

குட்டி, 7:05
மாட்டார்கள்.

சின்ன அத்தை, 7:05
அக்கா, சுருக்கமாக. ஒன்பது மணி.

அண்ணன், 7:07
அத்தை, நான் கேட்டதற்குப் பதில் வரவில்லையே. கிராண்ட்மதர்’ஸ் என்பதில் எதைப் பிரிப்பது?

பெரிய அத்தை, 7:15
நல்ல கேள்வி. அங்கேயும் ஓர் எழுத்து கெட்டிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்களுக்கு ஆறாம் வேற்றுமை உருபு வெறும் எஸ் இல்லை, இ-எஸ். அந்த இ காலப்போக்கில் ஒலிக்காமல் போனது. குறி 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிறகு அந்த இடத்திலும் உட்கார்ந்து, மெல்ல எல்லாப் பெயர்ச்சொற்களுக்கும் வழக்கமாகிவிட்டது. இட்ஸ் அந்தக் கூட்டம் இல்லை, பிரதிப்பெயர்ச்சொல். ஹிஸ் என்பதற்குக் குறி போடுகிறாயா? ஹெர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தெய்ர்ஸ் எதற்காவது போடுகிறாயா? இட்ஸ் அவர்களுடைய உடன்பிறப்பு. நமக்கும் ‘அது’ என்பதற்கு ‘அதன்’ என்று தனி வடிவம் இருக்கிறது அல்லவா? தமிழில் சொல்லிப் பார். ‘அதன்’, ‘தன்’ என்று வந்தால் குறி இல்லாத இட்ஸ்.

குட்டி, 7:16
அப்படியானால் வன்’ஸ்?

பெரிய அத்தை, 7:16
அது விலக்கு. அதற்குக் குறி உண்டு.

குட்டி, 7:17
வோன்’ட்? பிரித்தால் வில் நாட் வருகிறது. ஓ எங்கிருந்து வந்தது?

பெரிய அத்தை, 7:19
அதில் திரிதலும் சேர்ந்திருக்கிறது. வில் என்பதற்கு முன்பு வோல் என்றும் ஒரு வடிவம் வழங்கியது. சொல் மறைந்துவிட்டது, அதன் ஓ மட்டும் தங்கிவிட்டது.

சித்தப்பா, 7:20
படத்தைப் பற்றி யாருமே பேசவில்லை.

பெரிய அத்தை, 7:23
அண்ணனுக்கு ஒன்று. இதற்காக நீ முகம் வாடாதே. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ‘அதன்’ என்ற பொருளுக்கே பலரும் குறியோடுதான் எழுதினார்கள். குறி இல்லாத வடிவம் நிலைபெற்றது 1800ஐ ஒட்டித்தான். உனக்கு வந்த குழப்பம் அச்சகங்களுக்கும் இருந்தது.

அண்ணன், 7:24
சரி அத்தை. எடுத்துவிடுகிறேன்.

நான், 7:31
ஆறாவது வரியும் அதே கதைதான். ‘யாருடைய நோட்டு’ என்ற பொருளில் ஹூ’ஸ் என்று இருக்கிறது. பிரித்தால் ஹூ இஸ், ‘யார் இருக்கிறார் நோட்டு’ என்று ஆகிறது. குறி இல்லாத, கடைசியில் எஸ்-இ வருகிற ஹூஸ் வேண்டும்.

சின்ன அத்தை, 7:33
முழு வரியையும் இப்போதுதான் பார்க்கிறேன். ‘யாருடைய நோட்டை நாங்கள் யாரும் பிறகு பார்க்கவேயில்லையோ அந்தப் பாட்டி’ என்றா எழுதியிருக்கிறாய்?

அண்ணன், 7:34
பார்க்கவில்லைதானே, அத்தை.

சின்ன அத்தை, 7:34
கேட்டிருந்தால் காட்டியிருப்பேன்.

சித்தப்பா, 7:35
நான் இரண்டு முறை கேட்டேன்.

பெரிய அத்தை, 7:36
தம்பி, அது இப்போது வேண்டாம்.

அண்ணி, 7:40
மற்ற திருத்தங்களையும் சொல்லிவிடுங்கள். இவர் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

நான், 7:46
‘1950களில்’ என்ற இடத்தில் எஸ்ஸுக்கு முன்னால் குறி வேண்டாம், அது வெறும் பன்மை. ‘அவர்களுடைய கதைகள்’ என்ற இடத்தில் தே’ஆர் வந்திருக்கிறது, அதைப் பிரித்தால் தே ஆர், ‘அவர்கள் இருக்கிறார்கள்’ என்று ஆகிறது. குறி இல்லாத தெய்ர் வேண்டும். பேரப்பிள்ளைகளின் கையொப்பத்தில் குறி எஸ்ஸுக்குப் பின்னால் நிற்கிறது. சில்ட்ரன் என்பதே பன்மை, ஆகவே குறி முன்னால், எஸ் பின்னால்.

சின்ன அத்தை, 7:52
தலைப்பில் கிராண்ட்மதர்ஸ்’ என்று குறி கடைசியில் இருக்கிறது. அப்படிப் போட்டால் பல பாட்டிகள் என்று ஆகிவிடும். நமக்கு ஒருவர்தான். அமெரிக்காவில் அன்னையர் நாளைத் தொடங்கிய அன்னா ஜார்விஸ் இந்த ஒரு குறிக்காகப் பிடிவாதமாக நின்றவர். 1908இல் முதல் நிகழ்ச்சியை நடத்தினார், 1914இல் அது நாடு முழுவதற்குமான நாளாயிற்று. குறி எஸ்ஸுக்கு முன்னால்தான் வர வேண்டும் என்றார். ஒவ்வொரு குடும்பமும் தன் அம்மாவை நினைக்கும் நாள் என்பது அவர் எண்ணம்.

பெரிய அத்தை, 7:53
இதை நீ எனக்குச் சொன்னதேயில்லையே.

சின்ன அத்தை, 7:54
நீங்கள் பேசவிட்டால்தானே அக்கா.

சித்தப்பா, 8:02
தமிழ்ப் பக்கத்தில் ‘பாட்டியின் எழுத்துகள்’ என்று இருக்கிறது. ‘எழுத்துக்கள்’ அல்லவா சரி?

பெரிய அத்தை, 8:04
‘கள்’ விகுதி, தனிச்சொல் இல்லை. ஒற்று மிகாது. நான்தான் திருத்தினேன்.

சித்தப்பா, 8:05
வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் வல்லினம் மிகும் என்று நீங்களே எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள், அக்கா.

பெரிய அத்தை, 8:06
அது சொல்லோடு சொல் சேரும்போது.

சித்தப்பா, 8:07
பெரிய பெரிய புலவர்களே இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள்.

குட்டி, 8:08
அப்பா, ஒன்பது மணி.

அண்ணன், 8:20
திருத்திய பக்கம் இதோ. அந்த நோட்டு வரியை என்ன செய்வது? ஹூஸ் சரியாகிவிட்டது, வரி அப்படியே இருக்கிறது.

சின்ன அத்தை, 8:31
நோட்டு என் அலமாரியில்தான் இருக்கிறது. மறைக்க வேண்டும் என்று நான் வைக்கவில்லை. அம்மா போன பிறகு என்னால் அதைத் திறக்க முடியவில்லை. இப்போதுதான் எடுத்தேன்.

சின்ன அத்தை, 8:33
(படம்)

குட்டி, 8:34
பாட்டி ஆங்கிலம் எழுதிப் பழகிய நோட்டா?

சின்ன அத்தை, 8:36
ஆமாம். அறுபது வயதுக்கு மேல், குட்டியின் பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதியது. டோன்’ட் என்ற சொல்லைப் பத்து முறை எழுதியிருக்கிறார். பத்திலும் அந்தக் குறியை மட்டும் சிவப்பு மையில் போட்டிருக்கிறார்.

பெரிய அத்தை, 8:37
‘இந்த இடத்தில் இருந்த எழுத்து எங்கே போயிற்று?’ என்று என்னிடம் கேட்டார். நான் அவசரமாகப் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாலையில் சொல்கிறேன் என்றேன்.

நான், 8:38
சொன்னீர்களா அத்தை?

பெரிய அத்தை, 8:41
நினைவில்லை.

அண்ணன், 8:43
அந்த வரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் நோட்டுப் பக்கத்தின் படத்தை வைக்கலாமா?

சின்ன அத்தை, 8:44
யோசிக்கிறேன்.

அண்ணி, 8:49
அச்சகத்திலிருந்து அழைக்கிறார்கள்.

அண்ணன், 8:50
அத்தை?

சித்தப்பா, 8:51
‘எழுத்துக்கள்’ என்றே இருக்கட்டும். அட்டைக்கு எந்தப் படம்?