புதுப்பிப்பு: எல்இடி வெளிச்சத்தில் விழுந்த கறுப்புப் பட்டைகள் போய்விட்டன

என் கேமராவில் எல்இடி விளக்கில் எடுக்கும் படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டை விழுகிறது, சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) போய்விட்டதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. சென்சாரில் கோளாறு இல்லை. சத்தமில்லாமல் படம் எடுக்கும் சைலண்ட் மோடை அணைத்துவிட்டு, மறைப்பு நிஜமாகவே திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறச் சொன்ன யோசனைதான் பலித்தது. சைலண்ட் மோடில் என் கேமராவின் சீமாஸ் (CMOS) வகைச் சென்சார் படத்தை வரிசை வரிசையாகப் படிக்கிறது; படித்து முடிப்பதற்குள் விளக்கு சில தடவை மினுக்கிவிடுகிறது. சத்தமே கூடாது என்றால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடி வைத்தாலும் பட்டை கண்ணுக்குத் தெரிவதில்லை.

அப்புறம் ஒரு வேடிக்கை. பரணில் கிடந்த பழைய சிசிடி (CCD, படம் முழுவதையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் வேறு வகைச் சென்சார்) கேமராவிலும் 1/500 நொடியில் எடுத்துப் பார்த்தேன். பட்டை இல்லை, ஆனால் ஒரு படம் பளிச், அடுத்தது மங்கல். விளக்கை நேராகக் காட்டினால் திரையில் மேலிருந்து கீழாக ஊதாக் கோடு வேறு!