குடும்பக் குழு: தம்பி செய்த கிளாம்ப்

தம்பி: [படம்]

தம்பி: ஒருவழியாக முடிந்தது! பைக்குக்கு வேறொரு வண்டியின் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கிற இரண்டு குழாய்களை, ஏற்றிவிட்டேன். மேலே இரண்டு குழாய்களையும் பிடிக்கிற தட்டு (கிளாம்ப்) நானே செய்தது. 20 மிமீ அலுமினியம். டிரில், அரம், கிரைண்டர், அவ்வளவுதான்.

மாமா: மருமகனே, பிரமாதம்! கம்பெனி வேலை மாதிரி இருக்கிறது 👏👏

அக்கா: அழகாக இருக்கிறதுடா. ஆனால் இந்தத் தட்டு ஃபோர்க்கோடு சேர்ந்தே வராதா?

தம்பி: வந்தது அக்கா. அதன் துளை இடைவெளி நம் ஹேண்டில்பாருக்குப் பொருந்தவில்லை. ஹேண்டிலோடு திரும்புகிற நடுத் தண்டும் அந்த வண்டியுடையது, நம் வண்டிக்கு 15 மிமீ குட்டை. ஒரு துண்டு வைத்து வெல்டிங் செய்து நீட்டிவிட்டேன்.

சித்தப்பா: கை சுத்தமாக இருக்கிறது. அரத்தில் இப்படி விளிம்பு எடுக்கப் பொறுமை வேண்டும். வண்டியை இப்போதைக்கு எடுக்காதே. சில கேள்விகள் இருக்கின்றன.

தம்பி: கேளுங்கள் சித்தப்பா.

சித்தப்பா: அலுமினியம் எந்த ரகம்? துளையை எதில் போட்டாய்? போல்ட் தலையில் என்ன எழுதியிருக்கிறது?

தம்பி: ரகம் தெரியாது, பழைய தட்டு ஒன்று கிடந்தது. ஹோல்-சா (வட்டமாகத் துளை அறுக்கிற வாள்) போட்டு, அரத்தால் அளவுக்குக் கொண்டுவந்தேன். போல்ட் ஸ்டெயின்லெஸ், ஏ2-70.

சித்தப்பா: சரி, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். 6061 என்று ஒரு அலுமினியம் இருக்கிறது. டி6 பதத்தில், அதாவது வெப்பத்தால் கடினப்படுத்தியிருந்தால், சுமார் 275 மெகாபாஸ்கல் அழுத்தம் வரை வளையாமல் தாங்கும். அதே 6061 பதப்படுத்தாமல் மென்மையாக இருந்தால் 55க்கே வளைந்துவிடும். ஐந்து மடங்கு வித்தியாசம்! பார்க்க இரண்டும் ஒரே பளபளப்பு. உன் தட்டு எதுவென்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சித்தப்பா: அடுத்தது துளை. அரத்தால் எடுத்த துளை சரியான வட்டமாக வராது. குழாயை இரண்டு மூன்று இடத்தில்தான் தொடும். போல்ட்டை இறுக்கினால் அந்த இடங்களில் குழாய் நசுங்கும், மற்ற இடத்தில் பிடியே இருக்காது. இரண்டு துளைகளும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருக்க வேண்டும். அரை டிகிரி சாய்ந்தாலே 600 மிமீ கீழே, அதாவது அச்சுப் பக்கம், 5 மிமீக்கு மேல் விலகிவிடும். அச்சை மாட்டி இழுத்துப் பிடித்து இறுக்கிவிட்டால் வெளியே தெரியாது. ஃபோர்க் மட்டும் உள்ளே பிடித்துப் பிடித்து இறங்கும்.

தம்பி: அச்சு மாட்டும்போது கொஞ்சம் தள்ளித்தான் உள்ளே விட்டேன்...

சித்தப்பா: அதைத்தான் சொல்கிறேன்.

சித்தப்பா: போல்ட். ஏ2-70 துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் அது நிரந்தரமாக நீளத் தொடங்குவது 450 மெகாபாஸ்கலில். 8.8 என்று எழுதிய சாதாரண இரும்பு போல்ட் 640 தாங்கும். அழகுக்காகப் பலர் இதை மாற்றுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதே இல்லை. வண்டியின் சர்வீஸ் கையேட்டில் போட்டிருக்கிற ரகம், அதில் போட்டிருக்கிற இறுக்கம், டார்க் ரெஞ்சில் பார்த்து. அவ்வளவுதான்.

மாமா: அவன் ஆசையாகச் செய்திருக்கிறான். கடையில் விற்பதும் யாரோ ஒருவர் செய்ததுதானே?

சித்தப்பா: செய்ததுதான் மச்சான். அவர்கள் எந்த உலோகம் என்று தெரிந்து வாங்குவார்கள், இயந்திரத்தில் துளை போடுவார்கள், சிலவற்றை உடையும் வரை சோதனை போட்டுப் பார்ப்பார்கள். நம் பிள்ளை ஒன்றே ஒன்றைச் செய்து, அதன் மேலேயே உட்கார்ந்து சோதிக்கப் போகிறான்.

தம்பி: ஓட்டிப் பார்த்துவிட்டேன் சித்தப்பா. குழியில் இறக்கினேன், வேகத்தடையில் ஏற்றினேன், முன் பிரேக்கையும் அழுத்திப் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அம்மா: ஓட்டினாயா??

சித்தப்பா: ஒன்றும் ஆகாததுதான் என் கவலையே. மட்டமான வேலை முதல் குழியிலேயே வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஓரளவு நல்ல வேலை மாதக்கணக்கில் தாங்கிவிட்டு, ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். உலோகச் சோர்வு என்பார்கள். நீயும் வண்டியும் சேர்ந்து 200 கிலோ என்று வை. நன்றாகப் பிரேக் பிடித்தால் முன் டயர் தரையைத் தொடும் இடத்தில் 160 கிலோ எடைக்கு நிகரான விசை பின்னால் தள்ளும். ஃபோர்க் முழுவதும் நெம்புகோல். பிரேக் அதைப் பின்னால் வளைக்கும், விட்டதும் வண்டியின் எடை முன்னால் வளைக்கும். இப்படித் திசை மாறி மாறி வருவதுதான் உலோகத்துக்கு மிகக் கெடுதல். சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 500 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு கல்லும் ஒரு சின்ன அடி. இரும்புக்காவது ஒரு எல்லை உண்டு, அதற்குக் கீழே எத்தனை முறை அடித்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி எல்லையே கிடையாது. சின்ன அடியும் கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

நான்: விரிசல் வந்தால் கண்ணுக்குத் தெரியாதா?

சித்தப்பா: பெரும்பாலும் உள்மூலையிலோ மரைக்குள்ளோதான் தொடங்கும். பெயிண்ட்டும் மூடியிருக்கும். கழற்றி, சுத்தம் செய்து, சாய ஊடுருவல் சோதனை போட்டால் மேற்பரப்பு விரிசல் தெரியும். ஆனால் இன்று தெரியாவிட்டால் அடுத்த மாதமும் இருக்காது என்று அர்த்தமில்லை. தட்டின் உள்மூலைகளைக் கூர்மையாக விட்டிருக்கிறான், படத்திலேயே தெரிகிறது. சுமை அங்கேதான் குவியும்.

சித்தப்பா: தண்டில் போட்ட வெல்டிங் இதைவிட மோசம். வெல்டிங்குக்குப் பக்கத்து இரும்பு சூடாகி வேகமாக ஆறினால் கடினமாகிவிடும், வளையாமல் முறியும். குழாய் சற்றே கோணியிருந்தாலும் கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற பேரிங்) நேராக உட்காராது.

அக்கா: நான் வாரத்தில் பாதி நாள் அவன் பின்னால்தான் உட்கார்ந்து போகிறேன்.

தம்பி: அக்கா, உன்னை ஏற்றிக்கொண்டு வேகமாகப் போக மாட்டேன்.

அக்கா: வேகத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

நான்: இன்னொன்றும் இருக்கிறது. தண்டிலிருந்து ஃபோர்க் குழாய் எவ்வளவு முன்னால் நிற்கிறது, அந்த ஆஃப்செட்டை அளந்தாயா? நான் ஒரு கணக்குப் போட்டேன். சக்கர ஆரம் 300 மிமீ, கழுத்தின் சாய்வு 25 டிகிரி, ஆஃப்செட் 40 மிமீ என்றால் டிரெயில், அதாவது கழுத்தின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம், 96 மிமீ வருகிறது. ஆஃப்செட் 50 ஆனால் அது 85க்கு இறங்குகிறது. ஹேண்டில் தானாக நேராவதற்கு டிரெயில்தான் காரணம். குறைந்தால் லேசாகத் திரும்பும், நன்றாக இருப்பது போலவே தோன்றும். வேகத்தில் உதறல் வந்தால் விநாடிக்கு 4 முதல் 10 முறை ஆடும். கை அதைத் திருத்தும் வேகத்தில் வேலை செய்யாது.

தம்பி: அளக்கவில்லை அண்ணா. மேல் தட்டைக் கீழ் கிளாம்புக்கு ஒத்து வருகிற மாதிரி செய்தேன். பழையதோடு ஒப்பிடவில்லை.

அம்மா: [குரல் செய்தி 0:38]

அக்கா: அம்மா அழுதுகொண்டே பேசுகிறார்கள். கேள்.

தம்பி: கேட்டேன்.

தம்பி: அப்படியென்றால் வண்டியில் கையே வைக்கக் கூடாதா சித்தப்பா? இத்தனை நாள் வேலையும் வீணா?

சித்தப்பா: யார் சொன்னது? சீட் செய், பக்கத்து மூடி செய், பெட்டி வைக்கிற கேரியர் செய், விளக்குக்குப் பிராக்கெட் செய். உடைந்தால் ஓரமாக நிறுத்திப் பொறுக்கிக்கொள்ளலாம். இன்ஜின் நின்றால் உருண்டு ஓரம் கட்டலாம். முன் பிரேக் போனால் பின் பிரேக் இருக்கிறது. கிளாம்ப் விட்டுப்போனால் அடுத்து நீ செய்வதற்கு எதுவுமே கிடையாது. அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவிடு என்கிறேன்.

மாமா: சரிதான். நான் யோசிக்காமல் கை தட்டிவிட்டேன். மருமகனே, கழற்றிவிடு.

நான்: உனக்கு உண்மையில் என்ன வேண்டும்? முன்பக்கம் அமுங்குகிறது என்றுதானே தொடங்கினாய்?

தம்பி: ஆமாம். பிரேக் பிடித்தால் மூக்கு தரையைத் தொடுகிற மாதிரி இறங்குகிறது.

சித்தப்பா: அதற்கு ஃபோர்க்கையே மாற்ற வேண்டாமே! பழைய ஃபோர்க்கில் எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினாய்? புது எண்ணெய், கையேடு சொல்கிற அளவில். போதவில்லை என்றால் உன் எடைக்கேற்ற ஸ்பிரிங். சீலும் அப்போதே மாற்றிவிடலாம்.

தம்பி: எண்ணெய் மாற்றியதே இல்லை.

அக்கா: 😐

சித்தப்பா: பழைய பாகங்கள் பத்திரமாக இருக்கின்றனவா?

தம்பி: எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கிறது. வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டேன், சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஞாயிறு கழற்றுகிறேன். நீங்கள் வர முடியுமா?

சித்தப்பா: வருகிறேன். பூட்டிய பிறகு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். டக் என்று தட்டினால் கோன் செட் தளர்வு. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் எங்காவது நின்று நின்று போனால் பள்ளம் விழுந்திருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டு இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்கணும். ஆக்சிலேட்டர் தானாக ஏறக் கூடாது, பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது.

அம்மா: சாவி என்னிடம் இருக்கிறது.

தம்பி: சித்தப்பா, அந்தத் தட்டை என்ன செய்ய?

சித்தப்பா: வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாமல் குறுக்கே அறுத்துவிடு. அப்புறம் பழைய கோன் செட்டின் கிண்ணங்களைத் துடைத்து ஒரு படம் அனுப்பு. பள்ளம் இருந்தால் புதுசு வாங்கி வருகிறேன்.